நண்பன் விட்டுட்டுப் போன மோரிஸ் மைனரும் அவன் எழுதி வெச்ச லிஸ்டும்

பழைய கார் ரெஸ்டோர் பண்றதுதான் என் பொழப்பு, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. துரு புடிச்ச வண்டி, பார்ட்ஸே கிடைக்காத வண்டி எல்லாம் பாத்தாச்சு, அதுக்கெல்லாம் பயந்ததில்ல. ஒரே ஒரு ரக வண்டி வந்தா மட்டும் வயித்துல ஏதோ பண்ணும். இறந்துபோன ஒருத்தரோட வண்டி. அதைக் கொண்டுவர்ற ஆளு கையோட ஒரு தேதியையும் கொண்டுவருவாரு, "நினைவு நாளுக்குள்ள ரோட்டுல ஓடணும்ணே"ன்னு. அப்புறம் பேச்சு ரெண்டு பக்கமா போகும். சிலபேர் "அவன் கை பட்ட எதையும் மாத்தாதீங்க"ம்பாங்க, சிலபேர் "அவன் ஆசைப்பட்டதெல்லாம் பண்ணிருங்க"ம்பாங்க. ரெண்டும் பாசத்துல வர்ற பேச்சுதான், ஆனா ரெண்டுலயும் இன்னொரு உசுரு போறதுக்கு வழி இருக்கு, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன்.

சமீபத்துல வந்தது ஒரு மோரிஸ் மைனர் 1000, பழைய பிரிட்டிஷ் கார், 948 சிசி இன்ஜின், ரெண்டு கதவு. கொண்டுவந்த தம்பியும் இறந்துபோன வண்டிக்காரரும் பள்ளிக்கூடத்துல இருந்தே கூட்டாளிங்க. வண்டி பல வருஷமா ஷெட்டுல தார்ப்பாய் போட்டு நின்னுருக்கு. கிளவ் பாக்ஸ்ல ஒரு சின்ன நோட்டு. அதுல அந்த நண்பன் கைப்பட எழுதின லிஸ்ட்: 1275 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்குற எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டு, வண்டியோட உயரத்தை இறக்கணும், அகலமான வீல். தம்பி அந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டி "இதுல இருக்குற மாதிரியே பண்ணணும்ணே, வேற எதுவும் வேணாம்"னு சொல்லிட்டு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு.

லிஸ்டுல பிரேக்குங்குற வார்த்தையே இல்ல. நான் அந்த வயசுல எழுதியிருந்தாலும் இருந்திருக்காது, அது வேற விஷயம்.

மாடிஃபை பண்றதுக்கு நான் எதிரி இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். பழசை அப்படியே வெச்சாதான் மரியாதைன்னு சண்டை போடுறவங்களுக்கு இந்த மைனரோட கதையையே சொல்வேன். இதை டிசைன் பண்ண அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கப் போற நேரத்துல, வண்டி ஒல்லியா இருக்குன்னு தோணி மாதிரி வண்டியை நீளவாக்குல ரெண்டா அறுத்து, தள்ளித் தள்ளி வெச்சுப் பாத்து 4 இன்ச் அகலப்படுத்திட்டாரு. பானட்டு நடுவுல ஒரு பட்டை ஓடுது பாருங்க, அது அந்த வேலையோட தழும்பு. ஆரம்ப வண்டிகள்ல பம்பரை ஏற்கனவே செஞ்சு முடிச்சுட்டதால நடுவுல வெட்டி ஒரு துண்டு ஒட்டியிருப்பாங்க. 1948ல வெளிய வர்றதுக்கு முன்னாடியே மாடிஃபை ஆன வண்டிய்யா இது.

என் சண்டை எல்லாம் வரிசையைப் பத்திதான். தம்பிகிட்ட, இன்ஜின் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம், இப்ப முன் வீலைக் கழட்டுவோம்னு சொன்னேன்.

மைனர் வெச்சிருக்கிறவங்க இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. முன் வீல் திரும்புறதுக்கு ஸ்விவல் பின்னுன்னு ஒண்ணு இருக்கு, அதோட மேல் முனையிலயும் கீழ் முனையிலயும் மரை போட்டிருக்கும், அந்த மரை டிரன்னியன்னு சொல்ற ஒரு உருண்டையான கட்டைக்குள்ள ஏறி நிக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் வீல் சுத்துது, முன்பக்க வெயிட்டும் அது வழியாத்தான் போகுது. மேல ஒரு கிரீஸ் நிப்பிள், கீழ ஒரு நிப்பிள். கிரீஸ் அடிக்கலைன்னா தண்ணி உள்ள போகும், மரை தேயும், கீழ் மரைதான் முதல்ல போகும், ஒருநாள் பின் டிரன்னியனை விட்டு உருவிக்கிட்டு வந்துரும், வீல் மடங்கி மட்கார்டுக்குள்ள படுத்துரும். பெரும்பாலும் மெதுவா ஒடிச்சுத் திருப்பும்போதுதான் இப்படி ஆகும், அதனால பலபேர் தப்பிச்சிருக்காங்க. வேகத்துல போறப்ப ஆனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

தம்பியை வீலோட மேல் பக்கமும் கீழ் பக்கமும் புடிச்சு ஆட்டச் சொன்னேன். ஆட்டம் இருந்துச்சு. என் பையன் பிரேக்கை மிதிச்சான், திரும்ப ஆட்டச் சொன்னேன், அப்பவும் ஆட்டம் அப்படியே இருந்துச்சு. பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னுட்டா அது வீல் பேரிங், நிக்கலைன்னா டிரன்னியன் பக்கம். கழட்டிப் பாத்தா கீழ் நிப்பிளை பெயிண்ட் மூடியிருக்கு, அதாவது யாரோ ஒரு தடவை அழகா பெயிண்ட் அடிச்சு, அதுக்கப்புறம் ஒரு தடவைகூட கிரீஸ் கன் அந்த வாயில வெக்கல. மரை இருக்க வேண்டிய இடத்துல விரலை விட்டுப் பாத்தாரு தம்பி, வழவழன்னு இருந்துச்சு. "இதோடயா அவன் என்னைக் கூட்டிட்டு சுத்தினான்"னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் லிஸ்டைப் பத்திப் பேச முடிஞ்சுது. 948 சிசி இன்ஜின் 37 குதிரைத் திறன். 1962ல கம்பெனியே 1098 சிசி போட்டு 48 ஆக்கினப்போ, அதோட சேத்து முன் பிரேக் டிரம்மை, அதாவது வீலோட சுத்துற, உள்ளருந்து பிரேக் அமுத்துற கிண்ணத்தை, 7 இன்ச்ல இருந்து 8 இன்ச் ஆக்குச்சு. வெறும் 11 குதிரைக்கு. நம்மாளு கேக்குற 1275 மிட்ஜெட் கார்ல 65 குதிரை குடுத்த இன்ஜின், அதை 7 இன்ச் டிரம் மேல வெக்கச் சொல்றாங்க. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் முழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு, இது யாரு வண்டிக்கும் பொது.

இன்னொண்ணு, இந்தக் காலத்து வண்டிங்க எல்லாத்துலயும் பிரேக் சர்க்யூட், அதாவது பிரேக் ஃப்ளூயிட் போற பாதை, ரெண்டா பிரிஞ்சிருக்கும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிறுத்தும். மைனர்ல ஒரே சர்க்யூட். எங்கயாவது ஒரு ஓஸ் வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது, மிச்சம் கையில இருக்குறது பின் வீலுக்குப் போற ஹேண்ட்பிரேக் கேபிள் மட்டும். பெடலை மிதிச்சா ஃப்ளூயிட்டைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் வேற டிரைவர் காலுக்கு அடியில, சேசிஸ் லெக்னு சொல்ற பெட்டி மாதிரி தகரச் சட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும், தரையில விரிச்ச மேட்டைத் தூக்கினாதான் மூடியே தெரியும், அதனால ஃப்ளூயிட் பாக்கணுங்குறதே பலருக்குத் தோணாது. முன்னாடி டிரம்முக்குப் பதிலா டிஸ்க், அதாவது காலிப்பர்ங்குற கவ்வி ரெண்டு பேடால அமுத்திப் புடிக்கிற தட்டு, போடணும்னா மோரிஸ் மரினாங்குற காரோட டிஸ்க் செட் பொருந்தும், நல்ல மாத்தம்தான். ஆனா டிஸ்க்கை மாட்டிட்டு பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடாதீங்க. டிரம்முக்காக லைன்ல கொஞ்சம் பிரஷர் தேக்கி வெக்கிற வால்வு அதுல இருக்கும், அந்தப் பிரஷர் டிஸ்க்குல பேடை உரசிக்கிட்டே இருக்க வெக்கும், சூடாகும். சிலிண்டர் காலிப்பரை விடக் கீழ இருக்குறதால வால்வே இல்லாம விட்டா ஃப்ளூயிட் திரும்பி இறங்கிரும், பெடல் பாதாளத்துக்குப் போகும். டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு தனித்தனி வால்வு இருக்கு, அதைப் போடுங்க, முடிஞ்சா ரெட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கே போயிருங்க. டாட் 4 ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் இழுத்துட்டா அது 155க்கு இறங்கிரும். நின்னுபோன வண்டியில பத்து வருஷமா கெடக்குற ஃப்ளூயிட்டை "அவன் ஊத்தினது"ன்னு வெச்சுக்காதீங்க ப்ளீஸ்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ள இருக்குற கருப்புத் தூசியை ஏர் கன் வெச்சு ஊதாதீங்க. பழைய பிரேக் லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு, அதுல எல்லா வகையும் புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நோய் வெளிய தெரிய 20, 30 வருஷம்கூட ஆகும். தண்ணி தெளிச்சு, ஈரத் துணியில தொடச்சு, அந்தத் துணியைப் பையில கட்டிப் போட்டுருங்க. எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவங்க வாயாலயே ஊதுவாங்க, நானும் ஊதியிருக்கேன்.

டயர் விஷயத்துல என் தப்பையே சொல்லிடுறேன். நான் செஞ்ச முதல் நினைவு வண்டி அது, போனவரோட அண்ணன் வந்து "டயர் அவன் கடைசியா வாங்கிப் போட்டது, பட்டனெல்லாம் புதுசா இருக்கு, இருக்கட்டுமே"ன்னாரு. பட்டன் உண்மையிலயே புதுசுதான், எனக்கும் மனசு வரல, விட்டுட்டேன். வண்டி குடுத்த மூணாவது வாரம் பின் டயர் பட்டை உரிஞ்சு மட்கார்டைக் கிழிச்சுட்டு ரோட்டோரம் போய் நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல. அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் உறுத்துது. ரப்பருக்கு ஓடுற தூரம் மட்டும் கணக்கில்ல, வயசும் கணக்கு. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2315ன்னு இருந்தா 2015ஓட 23ஆவது வாரம் செஞ்சது. மூணு எண்தான் இருக்குன்னா அது 2000க்கு முந்தினது, கேள்வியே வேணாம், கழட்டுங்க. பத்து வருஷம் தாண்டின டயர்ல நான் இப்ப வண்டியை ஷெட்டு வாசல் தாண்ட விடுறதில்ல. ரேடியல், கிராஸ்பிளைன்னு டயர்ல ரெண்டு விதக் கட்டு இருக்கு, ரெண்டையும் ஒரே வண்டியில கலக்கவும் கூடாது.

பெட்ரோல் பக்கம் வருவோம். மைனர்ல எஸ்யூ எலெக்ட்ரிக் பம்ப். சாவி போட்டதும் டிக் டிக் டிக்னு அடிச்சு, கார்புரேட்டர் கிண்ணம் நிறைஞ்சதும் நின்னுரும். இன்ஜின் ஓடாம இருக்கும்போது நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணு எங்கயோ ஒழுகுது, இல்ல கிண்ணத்து ஊசி அடைக்கல, இல்ல காத்து இழுக்குது. முதல் ரெண்டுன்னா பெட்ரோல் வெளிய வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அது சூடான இன்ஜின் மேலயே சொட்டலாம். அந்தக் காலத்து ரப்பர் ஓஸ் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது, வெளிய நல்லா தெரியும், மடக்கிப் பாத்தா வெடிப்பு விட்டிருக்கும், எல்லாத்தையும் மாத்திருங்க. வண்டி மோதினா பம்புக்கு கரண்டை நிறுத்துற இனர்ஷியா ஸ்விட்ச் ஒண்ணு கூட சேத்துருங்க, வெளிய தெரியவே தெரியாது. அப்புறம் டேங்கு. காலி டேங்குதானேன்னு வெல்டிங் வெக்கிறாங்க பாருங்க, நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்குதான் குண்டு, உள்ள இருக்குறது முழுக்க ஆவி. அது மாதிரியே, குளோரின் சேந்த பிரேக் கிளீனர் அடிச்ச இரும்பைக் காய விடாம வெல்டிங் பண்ணாதீங்க, பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு வரும், முதல் உலகப் போர்ல ஆளைக் கொல்ல விட்டது அதேதான்.

ஒயரிங்கைப் பொறுத்தவரை, மைனர்ல ரெண்டே ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, பாடிக்கு எர்த் பாசிட்டிவ், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியோட சேந்திருக்கும். தெரியாம ஆல்டர்னேட்டரோ போன் சார்ஜரோ மாட்டினா புகைதான் வரும். சீட் பெல்ட் இல்லாத வண்டியில பெல்ட் போடுறதுக்கு யாரும் தயங்காதீங்க, ஆனா தகரத்துல ஓட்டை போட்டு வாஷர் வெச்சு முறுக்குறது பெல்ட் இல்ல, பின்னாடி கெட்டியான தகடு வெல்டிங் பண்ணி அதுக்குரிய போல்ட்டு போடணும். கதவுக்குக் கீழ ஓடுற, பட்டி பூசி மறைச்ச சில்லையும், பின் ஸ்பிரிங்கைப் புடிச்சிருக்குற ஹேங்கரையும் ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாத்துட்டுதான் மத்த பேச்சு, ஏன்னா மைனருக்குத் தனி சேசிஸ் கிடையாது, அந்தத் தகரம்தான் வண்டியே. ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-பேக் பெயிண்டை சாதாரண மாஸ்க்கோட வீட்டுல அடிக்காதீங்க, அதுல இருக்குற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், காத்தை வெளிய இருந்து குடுக்குற மாஸ்க் வேணும்.

துக்கத்துல இருக்குறவங்க ராத்திரி தூக்கம் வராம தனியா வண்டிக்கு அடியில படுக்குறாங்க, அதையும் சொல்லணும். ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. ஸ்டாண்டு போடுங்க, கழட்டின வீலையும் சில்லுக்கு அடியில உருட்டி விடுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் படுங்க.

பேப்பர் வேலையை கடைசிக்குத் தள்ளாதீங்க. வண்டி சட்டப்படி இப்ப அவர் வாரிசோடது, நண்பரோடது இல்ல, வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. நாலு வருஷம் உழைச்சு முடிச்ச வண்டிக்காக ரெண்டு குடும்பம் பேச்சை நிறுத்தினதை நான் பாத்திருக்கேன். இன்ஜின் மாத்தினா பதிவு அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்லணும், சொல்லாம ஓட்டினா மோதுற அன்னைக்கு உங்க பாலிசி வெறும் காகிதமா போயிரலாம்.

அப்ப எதைத்தான் வெச்சுக்கறதுன்னு தம்பி கேட்டாரு. நிறைய இருக்குன்னேன். ஸ்டியரிங் வீலை அதோட தேய்மானத்தோட விட்டோம், இடது பக்கம் ஒரு இடம் மட்டும் பளபளன்னு இருக்கும், அவர் ஒத்தைக் கையால ஓட்டுற ஆளாம். கியர் நாப், சாவி வளையம், கதவுக்கு உள்பக்கம் அவர் கீறி வெச்ச ஏதோ ஒரு தேதி, எதையும் தொடல. தேஞ்ச டிரன்னியனைத் தூக்கிப் போட மனசில்லைன்னாரு, கழுவித் தொடச்சு ஒரு மரக்கட்டையில பதிச்சுக் குடுத்தேன், மேஜை மேல இருக்கு. தாங்குற வேலை இல்லாத எதுவா இருந்தாலும் வெச்சுக்கலாம், தாங்குறது, நிறுத்துறது, எரியுறதுன்னா புதுசு.

நினைவு நாளுக்கு வண்டி முடியல. டிஸ்க், ரெட்டை சர்க்யூட், ஓஸ், டயர், பெல்ட் முடிஞ்சுது, இன்ஜின் அதே 948தான். அன்னைக்குக் காலைல தம்பி வந்து சாவியைப் போட்டாரு, பம்ப் டிக் டிக்னு அடிச்சு நின்னுச்சு, ஸ்டார்ட் பண்ணல, அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. நான் உள்ள போயிட்டேன்.

வண்டி போயி இப்ப ரெண்டு சர்வீஸ் ஆச்சு. அந்த நோட்டு கிளவ் பாக்ஸ்லதான் இருக்கு. 1275ன்னு எழுதின வரியை அடிக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருக்கோம். அதுக்குக் கீழ தம்பி கையெழுத்துல புதுசா ஒரு வரிசை ஓடுது, ஒவ்வொரு தடவையும் தேதி, ஓடின தூரம், "மேல் நிப்பிள், கீழ் நிப்பிள்".