ரத்தம் வராத காயம்தான் விரலைப் பறிக்கிறது

கை அறுவை சிகிச்சை என் தொழில். இரும்பும் டைல்ஸும் வெட்டும் கிரைண்டரில் கையை வெட்டிக்கொண்டவர்கள் எங்களிடம் சீக்கிரம் வந்துவிடுவார்கள். ரத்தம் கொட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள், யாராவது ஒருவர் உடனே வண்டியை எடுத்துவிடுவார். பெயிண்ட் ஸ்ப்ரேயரில் அடிபட்டவர்கள் அப்படி வருவதில்லை. விரலில் ஏதோ குத்தின மாதிரி இருந்தது என்று துடைத்துவிட்டு மிச்ச வேலையை முடிப்பார்கள், வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள், நடு ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து, அப்போதும் விடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, காலையில் வீங்கின விரலோடு வந்து நிற்பார்கள். அந்த இரவு முழுக்க பெயிண்ட் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கும். அதனால் கிரைண்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் ஸ்ப்ரேயர்.

ஏர்லெஸ் ஸ்ப்ரேயர் காற்றால் பெயிண்டைத் தூவுவதில்லை. பம்ப் பெயிண்டையே இறுக்கி, கையில் பிடிக்கும் கன்னின் நுனியில் மாட்டியிருக்கும் டிப்பின் மிகச் சிறிய துளை வழியாக வெளியே தள்ளுகிறது. பல மெஷின்களில் அந்த அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை போகும், அதாவது ஒரு கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. தோலைத் துளைக்க சுமார் 100 பிஎஸ்ஐ போதும். எனவே கையுறை போட்டிருக்கிறேன், பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கையுறையை இந்த வேகம் பொருட்படுத்தாது. விரல் டிப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் துளைக்கும்.

பெரும்பாலும் அடிபடுவது எழுதாத கையின் ஆள்காட்டி விரல். காரணம் எளிது. டிப் அடைத்துக்கொள்கிறது, ஒரு கையில் கன், விரல் ட்ரிக்கர் மேல், மற்றக் கையின் விரலால் டிப்பைத் துடைக்கிறார்கள். இல்லையென்றால் ஹோஸில் எங்கோ கசிகிறது, எங்கே என்று கையால் தடவிப் பார்க்கிறார்கள்.

காயத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது. விரல் நுனிச் சதையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். விரல் மடங்கும், நீளும், லேசாக மரத்த மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் விரல் பருத்து, வெளிறி, விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். அந்த நிலையில் அறுவை அரங்கில் விரலைத் திறந்தால், புள்ளி இருந்த இடத்திலிருந்து தசைநாணைச் சுற்றியிருக்கும் உறையின் வழியாகவே பெயிண்ட் ஓடி உள்ளங்கை வரை போயிருப்பதைப் பார்ப்போம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் என்றால் அந்த உறை மணிக்கட்டு வரை நீள்வதால் முன்கைக்கே ஏறிவிடும். கொழுப்பில், நரம்பைச் சுற்றி, ரத்தக் குழாயைச் சுற்றி எல்லாம் பெயிண்ட் ஒட்டியிருக்கும். கழுவினால் போகாது. விரலின் இரு பக்கமும் ஓடும் மெல்லிய நரம்பையும் தமனியையும் காப்பாற்றிக்கொண்டே, ஒட்டின திசுவைத் துளித் துளியாக வெட்டி எடுக்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது, ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்க்க வேண்டி வரும்.

உள்ளே நடப்பது இதுதான்: இடமே இல்லாத விரலுக்குள் பெயிண்ட் புகுந்ததும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, தின்னரும் எண்ணெய் வகைக் கரைப்பான்களும் திசுவை அரிக்கின்றன, செத்த திசுவில் அப்புறம் கிருமித் தொற்று சேர்ந்துகொள்கிறது. அதுவரை பதிவான 435 பேரின் விவரங்களைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 30 சதவீதம் பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டியிருந்தது. கரைப்பான் வகைகளில் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களுக்கு இழப்பு குறைவு. தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதிலும் அவசரம் அவசரம்தான்.

சரி, பட்டுவிட்டது, என்ன செய்வது? மெஷினை நிறுத்துங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பிதுக்க வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், காயத்தைத் தின்னரால் துடைக்கவே வேண்டாம். ஏற்கனவே திணறுகிற ரத்த ஓட்டத்தைக் குளிர் இன்னும் சுருக்கும். மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் வாருங்கள். பெயிண்ட் டப்பாவையோ அதன் லேபிளின் போட்டோவையோ எடுத்து வாருங்கள். மிக முக்கியமாக, அங்கே போய் ‘விரலில் சின்னக் காயம்’ என்று சொல்லாதீர்கள். ‘அதிக அழுத்த ஸ்ப்ரேயரிலிருந்து பெயிண்ட் விரலுக்குள் போய்விட்டது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களை வரிசையில் முன்னால் கொண்டுபோகும்.

முதலில் பார்க்கும் மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புள்ளியைப் பார்த்து டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். விரலை மரத்துப்போகச் செய்யும் ஊசியை விரலிலேயே போடாதீர்கள், உள்ளே இருக்கும் அழுத்தம் இன்னும் கூடும். எக்ஸ்ரே உதவும், ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

இனி இது நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஸ்விட்சை அணைத்தால் ஸ்ப்ரேயர் காலியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஹோஸுக்குள் முழு அழுத்தமும் அப்படியே நிற்கும். டிப்பைத் தொடுவதற்கு முன் ட்ரிக்கர் லாக்கைப் போட்டு, மெஷினை அணைத்து, அழுத்தத்தை இறக்கும் பிரைம் வால்வைத் திறந்து, லாக்கை எடுத்து, கன்னை ஒரு வாளிக்குள் காட்டி ட்ரிக்கரை அழுத்தி மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றி, மறுபடி லாக் போட வேண்டும். சாப்பிடப் போகும்போதும் இதேதான். அடைப்பை எடுக்க பெரும்பாலும் டிப்பைத் திருப்பிப் போட்டு வாளிக்குள் ஒரு முறை அடித்தாலே போதும், ஊசியோ விரலோ தேவையில்லை. டிப்பைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றாதீர்கள். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும்.

தின்னர் போட்டுக் கழுவும்போது தீ இன்னொரு ஆபத்து. பெயிண்ட் ஹோஸில் வேகமாக ஓடும்போதே நிலை மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். மெஷினுக்கு எர்த் இருக்க வேண்டும், எர்த் செய்த உலோக வாளிக்குள், கன் அதன் விளிம்பில் தொட்டபடி இருக்க, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மாஸ்க் விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: துணி மாஸ்க்கோ என்95-ஓ தின்னர் ஆவியைத் தடுக்காது, ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அது முகத்தில் சரியாகப் பொருந்தாது. ஹார்டனர் கலக்கும் 2கே பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆயுள் முழுக்க ஆஸ்துமா தரக்கூடியது, அதை வெளியிலிருந்து காற்று தரும் மாஸ்க் இல்லாமல் அடிக்க வேண்டாம்.

கிரைண்டரில் நான் பார்க்கும் மோசமான காயங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கதை: வீலை மூடியிருக்கும் பாதுகாப்புக் கார்டு இல்லை. பெரிய வீல் போட வேண்டும் என்று கழற்றியிருப்பார்கள், அல்லது மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டியிருப்பார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுற்றும். அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்படாத பெரிய வீல் சிதறும், பல் பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷினே கையை விட்டு எகிறும். வீலில் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. ஸ்விட்சை விட்ட பிறகும் வீல் சில நொடிகள் சுற்றும், அது நிற்கும்வரை கீழே வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்காமல் வீல் மாற்றாதீர்கள். டிரில்லிலும் மேசையில் பொருத்திய மர ரம்பமான டேபிள் சாவிலும் கையுறை வேண்டாம், ஓர் இழை சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு விரல் துண்டாகிவிட்டால், காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துண்டை லேசாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகத் துண்டின் மேல் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். துண்டு நசுங்கியிருந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். அதைத் திரும்பப் பொருத்த முடியாவிட்டாலும், அதிலிருக்கும் தோலையோ நரம்பையோ மிச்சக் கையைச் சரிசெய்ய எங்களால் சில சமயம் பயன்படுத்த முடியும்.