ஏஞ்சல்: தூதனா, தேவதையா?

அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்க உட்காருகிறவர்கள் 'ஏஞ்சல்' என்று கண்டதும் யோசிக்காமல் 'தேவதை' என்று போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் அது பொருந்தும். பல இடங்களில் பேசியவர் நினைக்காத ஒன்றை அவர் வாயில் திணித்ததாக ஆகும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆங்கெலோஸ்' என்றால் சேதி கொண்டுபோகிறவன், அவ்வளவுதான். சிறகு, ஒளிவட்டம் எல்லாம் பின்னால் ஒட்டியவை. எபிரேயத்தில் 'மல்ஆக்'. அதன் அரபு உறவுச்சொல்தான் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் 'மலக்கு'. ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபை வழியில் சந்திக்கும் விண்ணவர்களுக்கும், அண்ணன் ஏசாவிடம் அவன் அனுப்பும் வேலையாட்களுக்கும் மூலத்தில் ஒரே சொல். தமிழ் வேதாகமம் முன்னவர்களைத் 'தேவதூதர்' என்றும் பின்னவர்களை வெறும் 'ஆட்கள்' என்றும் பிரித்தது. ஆக 'தேவதூதர்', 'வானதூதர்' இரண்டும் வேருக்கு நேர்மையான சொற்கள். கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் 'சம்மனசு' என்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். 'தேவதை' வேறு குடும்பம். கிராம தேவதை எல்லை காக்கும், கோபித்தால் அம்மை வார்க்கும். யாருக்கும் தூது போகாது. அதற்கு வெள்ளை கவுன் மாட்டிவிட்டது நம் சினிமாப் பாட்டு.

அமெரிக்காவில் நடந்தது என்னவென்றால், ஏஞ்சலின் கையிலிருந்து அந்தச் சேதி நழுவிவிட்டது. விதிவிலக்கு மொரோனி. 1823இல் தன்னிடம் வந்து, வேதம் பொறித்த பொன்தகடுகளைப் பற்றிச் சொன்னதாக மோர்மன் சமயத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் கூறிய தூதன். மோர்மன் கோயில் கோபுரங்களில் எக்காளம் ஊதி நிற்கும் மொரோனிக்குப் பெரும்பாலும் சிறகு இருக்காது. அசல் தூதன்.

மற்றவை? 1948இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய முரட்டு மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கும் ஏஞ்சல்தான், 1976இல் தொலைக்காட்சியில் துப்பறிந்த மூன்று பெண்களுக்கும் ஏஞ்சல்தான், உள்ளாடை விளம்பர மாடல்களுக்கும் ஏஞ்சல்தான். பின்னிரண்டுக்குத் 'தேவதை' தாராளமாகப் போதும்.

சிக்கல் அரசியலில். 1861 மார்ச் 4, லிங்கனின் முதல் பதவியேற்பு உரை. ஏழு மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டன. உரையின் முடிவுக்கு, அவருடைய வெளியுறவு அமைச்சராகப் போகிற வில்லியம் சீவர்ட் எழுதிக்கொடுத்த வரியில் 'நாட்டின் காவல் ஏஞ்சல்' என்று இருந்தது. அதைத் தயங்காமல் 'காவல் சம்மனசு' என்று பெயர்க்கலாம். லிங்கன் அதை 'நம் இயல்பின் மேலான ஏஞ்சல்கள்' என்று திருத்தினார். வானத்தில் நின்றது மனிதனுக்குள் வந்துவிட்டது. இங்கே தேவதையும் ஒத்துவராது, தூதனும் ஒத்துவராது. ஆழ்வார் பாசுரங்களில் 'நன்னெஞ்சே' என்று தன் மனத்தையே விளிப்பார்களே, அந்த 'நன்னெஞ்சு'தான் லிங்கனுக்கு மிக அருகில் வருகிறது. பன்மை போய்விடும், போகட்டும். 2021இல் பைடன் பதவியேற்றபோது எடுத்தாண்டதும் இதே தொடரைத்தான்.

2016 தேர்தலில் டிரம்ப் மேடையேற்றிய 'ஏஞ்சல் மாம்'களின் கதை வேறு. ஆவணமின்றிக் குடியேறியவர்களால் பிள்ளை கொல்லப்பட்ட தாய்மார் அவர்கள். ஏஞ்சல் இங்கே இறந்த பிள்ளை. நம் ஊரில் 'சாமியாகிட்டான்' என்போமே, அதுதான். 'தேவதைத் தாய்' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. 'பிள்ளையைப் பறிகொடுத்த தாய்' என்றால் விளங்கும், ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் குடியேற்ற எதிர்ப்பு காணாமல் போகும். பெயரை அப்படியே வைத்து ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே மேல்.

இதே சிறகு எதிர் அணியிலும் உண்டு. தன்பாலீர்ப்பாளர் என்பதால் 1998இல் மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் வயோமிங்கில் அடித்துக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு விசாரணை நடந்த நீதிமன்றத்தின் வெளியே வெறுப்புப் பதாகைகளோடு ஒரு கூட்டம் நின்றது. அவருடைய நண்பர்கள் பிவிசி குழாயில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டிப் பெரிய சிறகுகளாக்கி, தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பதாகைகள் தெரியாதபடி வரிசையாக நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக 'ஏஞ்சல் முதலீட்டாளர்'. நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்குப் பணம் போட்டவர்களை அழைத்த பெயர், பிறகு புதுத் தொழில்களுக்கு வந்தது. 'தேவதை முதலீட்டாளர்' என்பது சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. 'தொடக்கநிலை முதலீட்டாளர்' போதும். இந்திய அரசு 2012இல் கொண்டுவந்து 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கிய 'ஏஞ்சல் வரி' இவர்கள் போடும் பணம் சார்ந்தது. வானுலகில் யாரும் வரி கட்டவில்லை.