புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டு அட்டை

அப்பா ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிறார், முக்கினாலும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் புரோஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கமாக இருக்கலாம். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் ஸ்கேன், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பலருக்கு மாத்திரையே போதும். ஆபரேஷன் என்று சொன்ன பிறகுதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஓடுகிறார்கள். டியூபும் மூத்திரப் பையுமாக, அட்டை தரும் கலெக்டர் ஆபீஸ் படியில் காத்துக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மாத்திரை சாப்பிடும்போதே அட்டையை வாங்கிவிடுங்கள்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிக்கலே இங்கேதான். ஒரே ரேஷன் கார்டில் மகனும் இருந்தால் அவர் சம்பளமும் சேரும். மாதம் 11,000 என்று எழுதிவிட்டால் 1,32,000 ஆகிவிடும், அட்டை கிடையாது. வருமானச் சான்றிதழுக்கு மனு போடும்போதே என்ன தொகை எழுதுகிறார்கள் என்று பாருங்கள். உண்மைக்கு மாறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று மேசை மேசையாக நகரும். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்பார்கள். இ-சேவை ரசீதைத் தொலைக்காதீர்கள், அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர், இனிஷியல் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்புவார்கள்.

அட்டை இருந்தாலும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போய்விட முடியாது. கண் சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரி சிறுநீரகப் பிரிவுக்கு இருக்காது. "புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு அனுமதி இருக்கா?" என்று 1800 425 3993 எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். "இப்போ அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் காப்பீட்டுல வாங்கிக்கலாம்" என்றால் நம்ப வேண்டாம். அட்டையில் ஆபரேஷனுக்கு ஒப்புதல் வந்த பிறகே அட்மிட் ஆகுங்கள். பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லுங்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அட்டை உதவாது, அதை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கலாம்.

ஒன்று மட்டும் அட்டைக்காகக் காத்திருக்கக் கூடாது. சளி மாத்திரை சாப்பிட்ட பிறகுகூடச் சிலருக்கு மூத்திரம் அடியோடு அடைத்துக்கொள்ளும், அடிவயிறு உப்பி வலிக்கும். உடனே 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் டியூப் போடுங்கள். காகிதத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.