கூரை மேல் அன்ரெனா, கரையெங்கும் காது

திருகோணமலையில், உப்புவெளி விருந்தினர் விடுதியோ துறைமுகப் பக்கத்துக் களஞ்சியமோ, வயர்லெஸ் இணைப்புப் பொருத்தப் போனால் உரிமையாளர் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் எட்டும்?" யாருக்கெல்லாம் எட்டும் என்று கேட்பவர் அரிது. எல்லாத் திசைக்கும் பரப்பும் அன்ரெனாவைக் கூரையில் நட்டு, வலுவையும் உச்சத்தில் வைத்தால் கடற்கரையில் இருப்பவரும் ஒட்டுக்கேட்கலாம். அவர் எதையும் அனுப்புவதில்லை. எனவே அவர் இருப்பதே நமக்குத் தெரியாது.

இதற்கு மருந்தாக இப்போது அன்ரெனா வரிசையைச் சொல்கிறார்கள். விடயம் பழையது; ஜேர்மன் இயற்பியலாளர் பிரவுண் 1905இலேயே செய்துகாட்டியது. 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர். அதில் பாதி இடைவெளியில் நான்கு அன்ரெனாக்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அலை புறப்படும் நேரத்தைச் சற்றே முன்பின்னாக்கினால், விரும்பிய திசையில் அலைகள் கூடி வலுக்கும். வேறு சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். மொத்த வலுவை நான்கில் ஒன்றாகக் குறைத்தாலும் பெறுநருக்குக் குறையாது.

விற்பவர்கள் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். இப்படி ஒரு திசையில் கூடிப் போகும் அலைக் கற்றையின் அகலம் ஏறத்தாழ 26 பாகை. ஒரு கிலோமீற்றர் போவதற்குள் 460 மீற்றர் அளவுக்கு விரிந்துவிடும். பெறுநரோடு நிற்கவும் மாட்டாது. உட்துறைமுகத்துக்குக் குறுக்கே இணைப்புக் கொடுத்தால், அந்தக் கோட்டில் நிற்கும் படகுக்கும் அது போகும். போதாததற்கு, விரும்பாத திசைகளில் கசியும் பக்கக் கற்றைகள் வேறு. முதலாவது பக்கக் கற்றையின் வலு பிரதான கற்றையில் ஏறத்தாழ 13இல் ஒரு பங்கு. சிறிதாகத் தெரியும். ஆனால் திறந்தவெளியில் அத்திசையில் 250 மீற்றரில் இருப்பவருக்கு, ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் உங்கள் பெறுநரைவிடத் தெளிவாகவே கேட்கும்.

2008இல் கோயல், நேகி என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த வழி அழகானது: பெறுநரிடம் மட்டும் அழிந்துபோகும்படி செயற்கை இரைச்சலையும் சேர்த்து அனுப்புவது. அனுப்புநரைவிட அதிக அன்ரெனா வைத்திருப்பவர் அதையும் பிரித்தெடுக்கலாம். நமது கடைகளில் வாங்கும் ரவுட்டரில் இது இல்லை. அதிலுள்ள கற்றையாக்கம், அதாவது அலையை ஒரு திசையில் குவிப்பது, வேகத்துக்கானது. கைபேசி திருப்பியனுப்பும் அலைப்பாதை விவரம்கூட மறைகுறியாக்கம் இல்லாமலே போகிறது.

ஆகவே மறைகுறியாக்கம் என்ற பூட்டு முதலில், கற்றை பிறகு. கடவுச்சொல்லை வரவேற்பறைச் சுவரில் ஒட்டிவைக்கும் விடுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும்: டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் அதே கடவுச்சொல் தெரிந்த விருந்தினர், மற்றவரின் சாதனம் இணையும் தருணத்தைப் பதிவுசெய்தால், அவரது வைஃபை மறைகுறியாக்கத்தை அவிழ்க்க முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இதைத் தடுக்கிறது. அதன் பின்னர் வலுவைக் குறையுங்கள். கடலைப் பார்த்த அன்ரெனாவை உள்ளே திருப்புங்கள். வேலை முடிந்ததும் கைபேசியுடன் வேலிக்கு வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். கைபேசி எதையும் காட்டாத இடத்திலும் நல்ல டிஷ் அன்ரெனா உள்ளவருக்குக் கேட்கும் என்பதால், சிக்னல் மறைந்த இடத்தையே எல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.