ஆர்க்கைவ்: பரணா, படியா, காப்பா?

பாட்டி இறந்த மறுநாள், மாலை போட்டு வைக்க நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. 2006-இல் தேவிபட்டினத்தில் நடந்த சித்தி கல்யாணத்தில் பாட்டி பட்டுச்சேலையில் சிரித்தபடி நின்றது நினைவுக்கு வர, படம் எடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடினேன். “எல்லாம் ஆர்க்கைவ்ல இருக்கு தம்பி” என்று ஸ்டூடியோக்கார அண்ணன் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே சிடிகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளிப் பூச்சில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். ஹார்டு டிஸ்க் ஒன்றும் இருந்தது. அதன் யூஎஸ்பி முனையில் பச்சைக் களிம்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்துக் கடை, உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. அவரைப் பொறுத்தவரை ஆர்க்கைவ் என்றால் பரண்.

போனும் நமக்கு அதைத்தான் பழக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை ஆர்க்கைவ் செய்தால் அது முதல் பட்டியலை விட்டு ஒதுங்குகிறது, அவ்வளவுதான். கூகுள் ஃபோட்டோஸிலும் படம் கண்முன்னிருந்து விலகுகிறதே தவிர, கூடுதலாக ஒரு படி எங்கும் உருவாவதில்லை. இதற்கு ‘ஒதுக்கிவை’ என்ற சொல்லே போதும். ஜிப் கோப்பையும் ஆர்க்கைவ் என்பார்கள். அது மூட்டை கட்டுவது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆர்க்கான் என்றால் ஆளும் அதிகாரி. அவருடைய மனை, அலுவலகம் ஆர்க்கேயோன். அதுவே லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேரில் இருப்பது பழைய தாள் அல்ல, ‘இது உண்மையான பத்திரம்’ என்று பொறுப்பேற்க ஆள் இருக்கிற வீடு.

தமிழில் இதற்கு ஆவணக் காப்பகம் என்கிறோம். சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் அரசு நிறுவனத்தின் பெயரும் அதுதான். சங்கப் பாட்டில் ஆவணம் என்றால் கடைத்தெரு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆவணக் களரி, விற்பனை ஓலைகளைப் பதிவு செய்யும் இடம்.

எனக்குப் பிடித்த சான்று பெரியபுராணத்தில், சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் இருக்கிறது. கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் வந்த சிவன் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை: கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது! திருவெண்ணெய்நல்லூர் சபையில் அதைக் காட்டியதும், சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் ‘காப்பில்’ இருந்து வரவழைத்து, இரண்டையும் ‘ஒப்பு நோக்கி’, ஒத்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் 12-ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் கையில் இருந்திருக்கின்றன. பேக்கப் என்றால் படி. ‘நகல்’ அரபியிலிருந்து வந்தது, பழகிவிட்டதால் அதுவும் இருக்கட்டும். ஆர்க்கைவ் என்றால் காப்பு. கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கக் கணினிக்காரர்கள் போடும் செக்சம் என்பது ஒப்பு நோக்கல்.

‘படி’க்கும் ‘காப்பு’க்கும் உள்ள வேறுபாடு எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீனை ஐஸ் பெட்டியில் வைப்பது நாளைய ஏலத்துக்கு. கருவாடு போடுவது மழைக்காலத்துக்கு. குடலெடுத்து, உப்பில் ஊறவைத்து, காயவைத்து, புரட்டிப் போட்டு, பூச்சி விழுந்ததா என்று இடையிடையே பார்க்க வேண்டும். காப்பிலும் அந்தப் புரட்டிப் போடுகிற வேலைதான் முக்கியம். ஏட்டுச்சுவடிகள் நமக்குக் கிடைத்ததே அப்படித்தான். பனையோலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்தார்கள்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேட்டைப் படிக்கக் கண்ணும் பழைய எழுத்தறிவும் போதும். டிஜிட்டல் படத்துக்குக் கருவி வேண்டும். 2000-இல் வந்த முதல் எல்டிஓ காந்த நாடாவில் 100 ஜிபி அடங்கியது; ஒன்பதாம் தலைமுறை நாடாவில் 18 டிபி. முறையாக வைத்தால் நாடா 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். சரி, ஆனால் அதைப் படிக்கும் கருவி மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்தைய நாடாவரைதான் ஏற்கும். நாடா பிழைத்தாலும் நாம் பெயர்த்தெழுதித்தான் ஆக வேண்டும். பென்டிரைவ், எஸ்எஸ்டி இரண்டையும் மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் போடவே கூடாது. உள்ளே தேக்கிய மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும்.

மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று ஒரு கணக்கு உண்டு. ‘வெளியூரில்’ என்பதற்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி ஊரே போயிற்று. ஒரே தெருவில் இரண்டு வீட்டில் வைத்த படிகள் அன்று ஒரே படிதான்.

இப்போது வருடா வருடம் பாட்டி திதியன்று, சாப்பாடு முடிந்த பின் டிஸ்க்குகளை எடுத்து மாட்டுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட 64 எழுத்துக் கோவை ஒரு பட்டியலில் இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை வேறாகிவிடும். போன தடவை இரண்டு படங்கள் ஒத்துவரவில்லை. மதுரையில் அக்கா வீட்டு டிஸ்க்கில் இருந்தவை ஒத்தன. அவற்றை எடுத்துப் போட்டேன்.