ஐஸ்லாந்தின் 13 பனிக்காலத் திருடர்கள்

ஐஸ்லாந்தில் டிசம்பர் 24ஆம் தேதி இரவு மலையிலிருந்து இறங்கி வருபவன் பெயர் கெர்தாஸ்னீகிர். பிள்ளைகளின் பின்னாலேயே அலைந்து அவர்கள் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியைப் பறிப்பதுதான் அவன் வேலை. தங்கம், துணிமணி எல்லாம் விட்டுவிட்டு ஒருவன் எதற்காக மெழுகுவர்த்தியைத் திருட வேண்டும்?

அந்தக் காலத்து ஐஸ்லாந்தில் வர்த்தி ஆட்டுக் கொழுப்பில் செய்யப்பட்டது. அதாவது அதைத் தின்னலாம். 50 கிராம் கொழுப்பில் கிட்டத்தட்ட 450 கிலோகலோரி இருக்கிறது. அன்றாட வெளிச்சத்துக்கு மீன் எண்ணெய் விளக்குதான். கொழுப்பு வர்த்தி நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்த பொருள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஆக, கெர்தாஸ்னீகிர் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவது வெளிச்சத்தை மட்டுமல்ல, சாப்பாட்டையும்தான்.

இவனைப் போல மொத்தம் 13 பேர். ஐஸ்லாந்துக்காரர்கள் அவர்களை யோலாஸ்வேனார் என்கிறார்கள். டிசம்பர் 12 தொடங்கி நாளுக்கு ஒருவராக வருவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்த வரிசையிலேயே ஒவ்வொருவராகத் திரும்பிப் போய், ஜனவரி 6ஆம் தேதி கடைசி ஆள் மலையேறிவிடுவான். பெயரைச் சொன்னாலே வேலை தெரிந்துவிடும்: கரண்டி நக்கி, பானை சுரண்டி, கிண்ணம் நக்கி, தயிர் விழுங்கி, தொத்திறைச்சி திருடி, கறிக்கொக்கி. இந்தப் பட்டியலைப் பேய்க்கதையாக வாசிப்பதைவிட, ஒரு ஏழைப் பண்ணைவீட்டின் பனிக்காலச் சரக்குக் கணக்காக வாசிப்பதே சரி என்பது என் எண்ணம்.

அந்த வீட்டின் உணவு எங்கே இருந்தது என்று பாருங்கள். ஐஸ்லாந்தில் உப்பு அரிது. கடல் சுற்றிலும் இருந்தாலும், அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்க விறகு வேண்டுமே. காடுகள் ஏற்கெனவே அழிந்துவிட்டிருந்தன. அதனால் இறைச்சி கெடாமல் இருக்க இரண்டு வழிகளை அதிகம் நம்பினார்கள். ஒன்று புகை. ஆட்டுத் தொடையையும் தொத்திறைச்சியையும் அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். புகை ஈரத்தை வற்றச் செய்யும், அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் கிருமிகளைத் தடுக்கும். இன்னொன்று புளிப்பு. ஸ்கீர் என்ற கெட்டித் தயிரைச் செய்யும்போது பிரியும் நீர் புளித்து லாக்டிக் அமிலம் ஏறும். அந்த நீர் நிறைந்த மரப்பீப்பாயில் இறைச்சியை ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது திருடர்களைத் தேடுங்கள். தொத்திறைச்சி திருடி உத்தரத்தில் ஏறிப் புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். கறிக்கொக்கி கூரையின் புகைத்துளை வழியாக நீளக் கழியை விட்டு ஆட்டுத் தொடையை இழுக்கிறான். தயிர் விழுங்கி உக்கிராண அறையில், ஸ்கீர் பீப்பாய்க்குப் பக்கத்தில். வீட்டில் எது போனால் குடும்பம் பட்டினி கிடக்குமோ, சரியாக அந்த இடத்தில் ஒருவன் நிற்கிறான்.

கிண்ணம் நக்கியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அன்று ஐஸ்லாந்துக்காரர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாத்ஸ்தோவா என்ற ஒரே அறையில்தான் எல்லோரும் தூங்கினார்கள், கம்பளி வேலை செய்தார்கள், சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு மூடி போட்ட மரக்கிண்ணம். கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கீழே தரையில் வைத்துவிடுவார்கள். கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கும் கிண்ணம் நக்கிக்கு வேண்டியதும் அந்த ஒரு நொடிதான்.

வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு பெயர்களும் இருந்தன. நாட்டாரியலாளர்கள் 70க்கும் மேல் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் உருக்கிய கொழுப்பைத் திருட வரும் இரண்டு பெண்கள். ஒருத்தி காலுறைக்குள் அடைத்துக்கொண்டு போவாள், இன்னொருத்தி மூக்குக்குள்!

எல்லோரும் சாப்பாட்டுத் திருடர்கள் இல்லை. கதவை அறைபவன் ஒருவன், சன்னலில் எட்டிப் பார்ப்பவன் ஒருவன். ரெய்க்யவிக்கில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் சுமார் நான்கு மணி நேரம்தான். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து மூன்று பாகை உயரவில்லை. அந்த இருட்டில் காற்றடித்துக் கதவு படாரென்று சாத்தும்போது, “யாரோ வந்துவிட்டார்கள்” என்றுதான் மனம் முதலில் எண்ணுகிறது.

அப்புறம், இப்படிப் பிறக்கும் உருவங்களில் சில மட்டும் ஏன் நிலைக்கின்றன? மானுடவியலாளர் பாஸ்கல் போயர் ஒரு விளக்கம் தருகிறார்: பெரும்பாலும் சாதாரணமாக இருந்து, ஒன்றிரண்டு விஷயங்களில் மட்டும் இயல்பை மீறும் உருவங்களே நினைவில் நன்றாகப் பதிகின்றன. முழுக்க முழுக்க விநோதமானது மறந்துவிடும், முழுக்கச் சாதாரணமானதும் அப்படியே. இந்தத் திருடர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லோரும் பசித்த மனிதர்கள்தான். ஆனால் ஒருவனுக்குக் கால் மடங்காது, ஒருவனுக்குப் பெரிய மூக்கு, ஒருவன் குட்டையன்.

இவர்களின் தாய் கிரீலா இன்னும் பழையவள். 13ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே வருகிறாள். ஒரு பாடலில் 15 வால்களோடு வயலில் இறங்கி நடக்கிறாள். அப்போது அவளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தொடர்பில்லை; அது 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அந்தக் காலத்துப் பாடல்களில் கிரீலா மூட்டையோடு பண்ணை பண்ணையாகப் பிச்சை கேட்டு வருகிறாள். கேட்பது அடம்பிடிக்கும் பிள்ளைகளை. பக்கத்திலுள்ள பரோ தீவுகளில் இதே கிரீலா தவக்காலத்தில் வருகிறாள். இறைச்சி விலக்கப்பட்ட அந்த நாட்களில் கறி கேட்டு அழும் பிள்ளையின் வயிற்றைக் கிழித்துவிடுவாளாம். உருவம் ஒன்றுதான், ஆனால் உணவுக்கு எப்போது கட்டுப்பாடு வருகிறதோ அந்தப் பருவத்துக்கு அவள் இடம்பெயர்கிறாள். எது தட்டுப்பாடோ அதுதான் பூச்சாண்டி எப்போது வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது.

அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 1783இல் லாகி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் நச்சு வாயுவைக் கக்கியது. புல் நஞ்சாகி ஆடுகளில் பெரும்பகுதி செத்தது. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். அப்படிப்பட்ட நாட்டில், பானையைச் சுரண்டித் தின்பவனைப் பற்றிய கதை பிள்ளைகளுக்குச் சிரிப்பூட்டியிருந்தாலும் பெரியவர்களுக்கு அப்படி இருந்திருக்காது.

உணவுக்குத் திருடர்கள் என்றால், உழைப்புக்கு ஒரு பூனை. புது உடுப்பு கிடைக்காதவரைக் கிறிஸ்துமஸ் பூனை தின்றுவிடும் என்பார்கள். இலையுதிர்காலத்தில் சேர்ந்த கம்பளியைக் கிறிஸ்துமஸுக்குள் நூற்றுப் பின்னி முடிக்க வேண்டும். வேலையில் பங்கெடுத்தவருக்குத்தான் புது உடுப்பு, சோம்பேறிக்குப் பூனை என்பது பொதுவான விளக்கம். கடைசி வாரத்தில் தூக்கம் வராமலிருக்கக் கண்ணிமைகளில் சிறு குச்சிகளைச் செருகிக்கொண்டு நூற்றதாகவும் நாட்டார் வழக்கில் சொல்கிறார்கள்.

இப்படிப் பயமுறுத்துவது ஒரு கட்டத்தில் அரசுக்கே பொறுக்கவில்லை. ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த 1746இல், பிள்ளைகளை இந்த உருவங்களைச் சொல்லி மிரட்டக்கூடாது என்று ஆணையே வந்தது. ஆனால் அவர்களை உண்மையில் மாற்றியது அச்சும் வசதியும். யோன் ஆர்னசோன் திரட்டிய நாட்டார் கதைகள் 1862இல் வெளிவந்தன. 1932இல் யோஹன்னஸ் ஊர் கொத்லும் என்ற கவிஞர் 13 பேரையும் ஒரு பாடலில் வரிசைப்படுத்த, பள்ளிப் பிள்ளைகள் வாயில் அந்தப் பட்டியலே நிலைத்தது. மற்ற வட்டாரப் பெயர்கள் ஏட்டோடு தங்கிவிட்டன. மூக்கில் கொழுப்பை அடைத்துக்கொண்டு ஓடிய பெண்ணும் இப்படித்தான் காணாமல் போனாள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

உக்கிராண அறை நிறைந்ததும் திருடர்கள் கொடுப்பவர்களாகிவிட்டார்கள். இப்போது ஐஸ்லாந்துப் பிள்ளைகள் 13 இரவும் சன்னலில் காலணியை வைக்கிறார்கள். காலையில் சின்னப் பரிசு, சேட்டை செய்தவருக்கு உருளைக்கிழங்கு. 20ஆம் நூற்றாண்டில் சான்டா கிளாஸின் செல்வாக்கால் இவர்களும் சிவப்பு உடைக்கு மாறினார்கள். ஆனால் ரெய்க்யவிக்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு டிசம்பர் 12 முதல் நாளொருவராக வரும்போது, பழைய பண்ணைக் கம்பளி உடையில்தான் வருகிறார்கள். ஆட்டுக் கொழுப்புக்கு ஏங்கியவனுக்கு அந்த உடைதான் பொருத்தம்.