பணயக்கைதி: சூதில் வைத்த ஆளா, ஒற்றி வைத்த ஆளா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குத் தமிழ் நாடகம் போடுகிறார்கள் என்று தானே ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். கதை நடக்கும் இடம் விண்வெளி நிலையம். ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவன் மற்ற ஆறு பேரையும் ஓர் அறையில் அடைத்துவிட்டு, பூமியில் இருக்கும் அரசுக்கு நிபந்தனை வைக்கிறான். கீழே கட்டுப்பாட்டு அறையில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் பேசிப் பார்ப்போம் என்கிறார். மற்றவர் கமாண்டோக்களை அனுப்பு என்கிறார். நாடகம் முழுக்க இந்த இழுபறிதான். பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு ராக்கெட் கதை தோன்றாமல் வேறென்ன தோன்றும்!

நான் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "மாமா, பணயக்கைதி நம்ம வார்த்தையா? கன்னட மிஸ் ஒத்தெயாளுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அதைக் கேட்டா நம்ம பாஷை மாதிரி இருக்கு, இதைக் கேட்டா இல்லையே."

அவள் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 'கைதி' அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'கைத்' என்றால் தளை, விலங்கு. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து 'கைது' என்றும் 'கைதி' என்றும் தங்கிவிட்டது. கை கட்டப்பட்டவன் ஆகையால் கைதி என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கம் சொன்னதுண்டு. கேட்க அழகாக இருந்தது, ஆனால் அது உண்மையில்லை.

முன்பாதியான 'பணயம்' வடமொழிப் 'பண' என்பதிலிருந்து வந்தது. சூதாட்டத்தில் பந்தயமாக வைக்கும் பொருள் என்று அதற்குப் பொருள். பழைய நூல்களில் 'பணையம்' என்றும் எழுதுவார்கள். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், பாஞ்சாலியை வைத்தான் என்கிறோமே, அந்த வைப்புதான் பணயம். உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தான் என்று இன்றும் எழுதுகிறோம்.

ஆக, பாதி வடமொழி, பாதி அரபு. அதற்காகச் சொல்லைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாச் செய்தித்தாளும் எழுதுகிற, எல்லாருக்கும் புரிகிற சொல் அது. என் தயக்கம் சொல்லின் பிறப்பைப் பற்றியதல்ல, அது நம் மனதில் எழுப்பும் படத்தைப் பற்றியது.

1979ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பணயக்கைதிகள் பற்றி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் முதல் பிரிவு சொல்லும் இலக்கணம் தெளிவானது. ஒருவரைப் பிடித்து வைத்து, கொல்வேன், காயப்படுத்துவேன் அல்லது விடவே மாட்டேன் என்று மிரட்டி, மூன்றாவது தரப்பு ஒன்றை ஒரு காரியம் செய்ய வைப்பது அல்லது செய்யவிடாமல் தடுப்பது. மூன்றாவது தரப்பு என்பதுதான் இதில் உயிர். பிடித்தவன், பிடிபட்டவன், இருவருக்கும் அப்பால் பதில் சொல்ல வேண்டிய ஒருவர். அந்த மூன்றாமவரை நோக்கிய நிபந்தனை இல்லையென்றால் அது வெறும் ஆள் கடத்தல்.

இப்போது சூதாட்டப் படத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சூதில் பணயம் வைப்பவன் தன் பொருளை வைக்கிறான். பாஞ்சாலி சபையில் கேட்டதே அதைத்தானே: தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை? விமானத்தைக் கடத்தியவன் வைத்திருப்பதோ அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள். அப்புறம், சூதில் வெற்றி அல்லது தோல்வி இரண்டே முடிவுதான். வைத்த பொருளைப் பேசித் திரும்பப் பெறும் வழி அந்த ஆட்டத்தில் கிடையாது. பணயம் என்று சொன்ன மாத்திரத்தில், யார் ஜெயிப்பார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. மருமகளின் நாடகத்தில் கமாண்டோ கேட்கும் அதிகாரி இந்தச் சொல்லுக்குள்தான் வாழ்கிறார்.

சரி, கன்னடத்து ஒத்தெயாளு? 'ஒத்தெ' என்றால் அடகுப் பொருள், ஈடு. 'ஆளு' நம் ஆள்தான். தமிழ் 'ற்ற' கன்னடத்தில் பெரும்பாலும் 'த்த' ஆகிவிடும். நம் சுற்று அவர்களுக்குச் சுத்து. நம் முற்றுகை அவர்களுக்கு முத்திகெ. அதே கணக்கில் ஒத்தெ என்பது நம் 'ஒற்றி'. நாமும் பேச்சில் ஒத்தி என்றுதானே சொல்கிறோம்? மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் வீட்டில் குடியிருந்து, கிளம்பும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒத்தி. பெங்களூரில் அதையே லீஸ் என்கிறார்கள், கன்னடத்தில் போக்யம் என்று பலகை தொங்குகிறது. திருவொற்றியூர்க்காரர்களைக் கேட்டால், சிவபெருமான் ஊரையே ஒற்றி வைத்துவிட்டாரா என்று சிலேடை பேசுவார்கள்.

ஒற்றி வைத்த பொருள் போய்விட்ட பொருள் அல்ல. கெடு உண்டு, தொகை உண்டு, திரும்பி வரும் வழி உண்டு. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால்தான் ஒற்றி என்பதே நடக்கும். கன்னடக்காரர் பிடித்து வைக்கப்பட்டவரை ஒத்தெயாளு என்னும்போது, சொல்லுக்குள்ளேயே பேச்சுவார்த்தைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது.

இந்தப் பொருளுக்கு நம் பக்கத்து வரலாற்றிலேயே கண்ணெதிர்ச் சான்று உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியின் காரன்வாலிஸும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். பணம் வந்து சேரும்வரை ஈடாக அவருடைய இரண்டு பிள்ளைகளைக் கம்பெனி சென்னைக்குக் கொண்டுபோனது. சிறுவர்கள், பத்து வயதுக்குள்தான் இருக்கும். 1794இல் தகப்பனிடம் திரும்பி வந்தார்கள். யாரும் ஒளித்துக் கடத்தவில்லை, கையெழுத்திட்டு வாங்கிப்போனார்கள். இவர்களைப் பணயக்கைதிகள் என்று எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. அச்சு அசலாக ஒற்றி வைத்த ஆட்கள் அவர்கள்.

'பிணை' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிணைத்தல் என்றால் கட்டுதல், இணைத்தல். அதிலிருந்து உறுதிக்காகக் கட்டுப்பட்டு நிற்பது பிணை. பிணைக்கைதி என்று எழுதுவோரும் உண்டு, அது பணயத்தைவிட எனக்குப் பிடிக்கும். சிக்கல் நீதிமன்றத்தில் வருகிறது. ஜாமீனுக்குத் தமிழில் பிணை என்று நிலைத்துவிட்டது. பிணையாளர் என்றால் ஜாமீன் கையெழுத்துப் போடுபவர், தானாக முன்வந்து நிற்பவர். 'பிணையில் வந்தார்' என்பதும் 'பிணையாக வைக்கப்பட்டார்' என்பதும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து வந்தால் வாசகர் திணறிவிடுவார்.

ஆனால் இந்தச் சொற்குடும்பத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு சொல். மீட்பு.

நகையை மீட்டுவிட்டேன் என்கிறோம். பணயக்கைதிகளைக் கமாண்டோக்கள் மீட்டனர் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. முதலாவதில் ரசீதும் வட்டியும் கொஞ்சம் பேரமும் இருக்கின்றன. இரண்டாவதில் துப்பாக்கி இருக்கிறது. வயதில் மூத்தது துப்பாக்கிப் பக்கத்துப் பொருள்தான் என்பது என் கணிப்பு. பகைவர் ஓட்டிக்கொண்டு போன ஆநிரையைப் போரிட்டு மீட்பதைக் கரந்தை என்று நம் புறப்பொருள் இலக்கணம் வகுத்தது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். (கன்னடத்தில் இன்றும் மாட்டுக்குத் துரு என்ற பழஞ்சொல் உண்டு.) மீட்டான், செத்தான். கல் நட்டார்கள். அதே வினையை வைத்துக்கொண்டு இன்று அடகுக் கடை வாசலில் நிற்கிறோம்.

பேசியும் மீட்கலாம், அடித்தும் மீட்கலாம். தமிழ் இரண்டையும் பிரிக்கவே இல்லை. தலைப்பில் 'மீட்பு' என்று மட்டும் படித்தால் எது நடந்தது என்று தெரியாது. 1976இல் உகாண்டாவின் எண்டபி விமான நிலையத்தில் இஸ்ரேல் கமாண்டோக்கள் இறங்கியதும் மீட்பு. 1999 டிசம்பரில் காந்தகாரில் மூன்று பேரைச் சிறையிலிருந்து விடுவித்து, கடத்தப்பட்ட ஐசி 814 விமானத்தின் பயணிகளைக் கூட்டிவந்ததும் மீட்பு.

எங்கள் ஊரில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் புழங்கிய காலம் 2000ஆம் ஆண்டு. ஜூலை 30 அன்று தாளவாடி அருகே கஜனூரில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனான். 108 நாள். அந்த நாட்களில் பெங்களூரில் தமிழர்கள் பஸ்ஸில் தமிழ் பேசக்கூடத் தயங்கினோம். நக்கீரன் கோபால் காட்டுக்குத் தூது போய் வந்தார், பிறகு நெடுமாறனும் போனார். அதிரடிப்படை அனுப்பு என்ற குரலும் வேண்டாம் என்ற குரலும் ஒரே தெருவில் கேட்டன. வீரப்பன் கேட்டபடி, தடா சட்டத்தில் அடைபட்டிருந்த கைதிகளை விடுவிக்க அரசுகள் முனைந்தபோது உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்றது. ஒத்தெயாளுக்காகக் கைதிகளை விடலாமா என்பதுதான் வழக்கு. நவம்பர் 15 அன்று ராஜ்குமார் திரும்பினார். இரண்டு வருடம் கழித்து இதே வீரப்பன் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கொண்டுபோனான். அவர் உடல்தான் கிடைத்தது.

வீரப்பனின் கோரிக்கைப் பட்டியலில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1991 முதல் துணி போர்த்தி நின்ற சிலை அது. கடைசியில் 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதற்கு யாரையும் பிடித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே வள்ளுவர், சில நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்துக்கொண்டன. ஏரிக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மீண்டும் மருமகளின் விண்வெளி நிலையம். அப்படி ஒரு சம்பவம் இதுவரை மேலே நடந்ததில்லை. ஆனால் சட்டம் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, விண்வெளி வீரர்களை மனித குலத்தின் தூதர்கள் என்கிறது. ஆகவே அங்கே பிடிபடுகிறவர் எல்லாரும் தூதர்கள். ராமாயணம் சிறையிருந்தவள் ஏற்றத்தைச் சொல்கிறது, பாரதம் தூது போனவன் ஏற்றத்தைச் சொல்கிறது என்று வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் எழுதினார். விண்வெளியில் சிறையிருப்பவரும் தூது போனவரும் ஒரே ஆள். 1968இல் வந்த அடுத்த ஒப்பந்தத்தின் பெயரிலேயே மீட்பு இருக்கிறது. ஆனால் அது விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றித் திருப்பி அனுப்பும் மீட்பு, அடைத்து வைத்தவனிடமிருந்து மீட்பது பற்றியதல்ல.

கமாண்டோ அதிகாரியிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எப்படிப் போவீர்கள்? பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைப் பிடிக்க ராக்கெட் ஏவ வேண்டும். ஏவுவது உலகத்துக்கே தெரியும். போய் இணைய மணிக்கணக்கில் ஆகும், கதவுக்கு இரண்டு பக்கமும் காற்றழுத்தம் சமமாக வேண்டும். இருட்டில் பதுங்கிப் போகும் வித்தை எதுவும் அங்கே செல்லாது. உள்ளே போய்ச் சுட்டாலோ, சுவருக்கு வெளியே வெற்றிடம். 2018 ஆகஸ்டில், நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவு ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. அதை அடைக்கவே பசையும் டேப்புமாக ஒரு நாள் போயிற்று. பலத்தை அடியோடு மறுக்கவில்லை விதிகள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் நடத்தை விதிப்படி, குழுவின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் தலைவர் தேவையான அளவு உடல்பலத்தைப் பயன்படுத்தலாம், ஒருவரைக் கட்டியும் போடலாம். அது உள்ளே இருப்பவர் கையில் இருக்கும் பலம். கீழிருந்து அனுப்பக் கூடியது பேச்சு மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, என் பரிந்துரையாக 'ஒற்றியாள்' என்று தாளில் எழுதிக் காட்டினேன். ஒத்தெயாளுக்கு நேர் தமிழ், ஒலியும் பொருளும் பொருந்துகிறது, வினைக்கு 'ஒற்றியாளை மீட்டல்' என்று வரும். அகராதியில் தேடினால் கிடைக்காது, நான் சேர்த்த சேர்க்கைதான். செய்தித்தாள் பணயக்கைதி என்றே எழுதட்டும், திப்புவின் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் தீர்ப்பை அப்படியே ஏற்காமல் தன் போக்கில் மாற்றிக்கொண்டாள். கமாண்டோ கேட்கும் அதிகாரி வாயில் 'பணயக்கைதி'. பேசலாம் என்கிறவர் வாயில் 'ஒற்றியாள்'. இருவருக்கும் பொதுவாக 'மீட்பு'. முதல் ஒத்திகையைப் பார்த்த அக்கா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள்:

"ஏன்டா, ஒத்தியாள்னா மேல் வீட்டுக்கு லீஸுக்கு வந்திருக்காங்களே, அவங்களா?"